ஒரே மாதிரி ஜாடிகள்

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் யாரும் "அச்சச்சோ" என்று இழுக்க வேண்டாம். அந்த அச்சச்சோவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறவிக் குறை இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் பேப்பர் எழுத்து போனது, அப்புறம் படிக்கட்டின் விளிம்பு, அப்புறம் முகங்கள். இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான். ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த தடவை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். டாக்டர்கள் எல்லாம் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கிளம்பப் பயப்படுவார்கள், வெளியிலிருந்து பேசினாலும் இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று. அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் கண் போன பிறகும் தனியாகக் காலம் தள்ளினேன். அரசுக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை. ராணி மாதிரி இருந்தேன்.

அதற்கும் கேடு வந்தது. ஒரு நாள் குழாயில் தண்ணீர் நின்றிருந்தபோது திறந்தேன், வரவில்லை, மூட மறந்து கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் கீழ் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணுள்ளவர்கள் இதைச் செய்தால் மறதி. நான் செய்தால் குருடு. கீழ் வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து நான் வீட்டு வேலை செய்வதை நேரில் பார்ப்பாராம். ஆபத்தில்லாமல் தனியாக இருப்பேன் என்று அவருக்குத் திருப்தி ஏற்பட்டால் வீடு எனக்கு. இல்லையென்றால் முதியோர் விடுதி.

என் தம்பிக்கு அந்த விடுதி மேல் ஏற்கெனவே ஒரு கண்.

"அக்கா, நாலு பேர் இருக்கற இடத்துல நீ இருந்தா எனக்கும் நிம்மதியா இருக்கும்ல?" என்றான்.

"உனக்கு நிம்மதி வேணும்னா நீ போய் இருடா அங்க."

அவன் மகளைத்தான் நான் குருவி என்று கூப்பிடுவேன். சின்னதில் ஓயாமல் கீச்சுக் கீச்சென்று பேசிக்கொண்டே இருப்பாள், அதனால் வந்த பெயர். தாய் இல்லாத பிள்ளை. பள்ளிக்கூடம் முடிகிறவரைக்கும் என்னிடம்தான் வளர்ந்தாள். அப்போது எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அவள் பல்கலைக்கழக ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் பார்வை முழுசாகப் போனது. அவள் வரும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே வேகமாக நடப்பேன், பாட்டுப் பாடிக்கொண்டே டீ போடுவேன். பிள்ளை என்னைப் பார்த்துக் கலங்கக் கூடாது என்று ஒரு வீம்பு. அதில் நான் ரொம்பக் கெட்டிக்காரியாகிவிட்டேன். எனக்குக் கண் தெரியாது என்பதே அவளுக்குப் பாதி நேரம் மறந்துபோகும்.

அந்த மாதம் அவள் பல்கலைக்கழகத்தில் சமூகத் தொண்டுப் போட்டி. மாணவர்கள் குழுக் குழுவாகப் பிரிந்து, ஒரு பூங்காவையோ பள்ளியையோ ஏதாவது வீட்டையோ எடுத்துக்கொண்டு சீர்ப்படுத்த வேண்டும். செய்வதற்கு முன் ஒரு போட்டோ, செய்த பிறகு ஒரு போட்டோ, பயனாளி பேசுகிற வீடியோ ஒன்று. எல்லோரும் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். எந்தக் குழுவுக்கு ஓட்டு அதிகமோ அதற்கு முதல் பரிசு.

"எங்க டீம் பேரு 'நூறு கை' அத்தை," என்றாள் குருவி.

"எத்தனை பேர்டி நீங்க?"

"ஆறு பேரு."

"அப்ப மிச்சக் கையெல்லாம் எங்க, வாடகைக்கு எடுக்கப் போறீங்களா?"

அவள் சிரித்துவிட்டுத் தரையில் என் காலடியில் உட்கார்ந்தாள். "அத்தை, நம்ம வீட்டையே எடுத்துக்கறோமே. அந்த ஆபீசர் வர்றதுக்கு முந்தின நாள் முடிச்சிடுவோம். வீடு பளிச்சுன்னு இருந்தா அவங்களுக்கும் மனசு வரும். உங்களை எங்கயும் அனுப்ப விட மாட்டேன் நான்."

பயனாளி! முப்பது வருஷம் ஊருக்கே போன் போட்டுக் கொடுத்த என்னைப் பார்த்துப் பயனாளி! ஆனாலும் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சுவரில் ஈரக் கறை இருப்பதாகத் தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். அதிகாரி கண்ணுள்ளவர், அவர் சுவரைப் பார்ப்பார்.

"சுவருக்குப் பெயிண்ட் அடிங்க, தரையத் தேய்ங்க. என் சாமான்ல மட்டும் கை வெச்சீங்க, தொலைச்சிடுவேன்," என்றேன்.

"சரி அத்தை, சரி அத்தை," என்றாள். அவசரத்தில் சொல்லும்போது அவளுக்கு எல்லாம் இரண்டு சரிதான்.

என் சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை, பக்கவாட்டில் நசுங்கிய தகர டப்பாவில். உப்பு, வாய் உடைந்த பீங்கான் கிண்ணத்தில். டீத்தூள் டப்பாவைத் திறந்தால் "டக்" என்று சத்தம் வரும், வேறு எதற்கும் அந்தச் சத்தம் கிடையாது. எல்லாம் ஓட்டை உடைசல்தான். ஆனால் தொட்ட மாத்திரத்தில் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லும். டெலிபோன், வாசல் கதவுக்குப் பக்கத்தில் முக்காலியில். கதவைத் தொட்டால் அடுத்தது டெலிபோன்.

பெயிண்ட் வாடை ஆகாது என்று அன்று பகலெல்லாம் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் குருவி வந்து அழைத்துப் போனாள். படியேறும்போதே வாய் ஓயவில்லை, ஆனால் எதையோ மறைக்கிற பேச்சு.

கதவைத் திறந்ததும் கைதட்டல். உள்ளே இரண்டடி வைத்தேன், முழங்காலில் ஒரு மேஜை இடித்தது. அங்கே எனக்கு மேஜையே கிடையாது.

"ஆன்ட்டி, இங்க கேமராவைப் பாருங்க!" என்றான் ஒரு பையன். அவன்தான் குழுத்தலைவன், எல்லோரும் கேப்டன் என்றார்கள். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அதாவது, இந்தப் பக்கம் திரும்புங்க," என்றான்.

குருவி என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்தாள். புது அலமாரி. கையை வைத்தேன். வழவழவென்று கண்ணாடி ஜாடி. பக்கத்திலும் அதே ஜாடி. அதற்குப் பக்கத்திலும். ஒரே உயரம், ஒரே மூடி, ஒரே வயிறு.

"பழைய டப்பால்லாம் எங்கடி?"

"குப்பை வண்டி வந்துச்சு, போட்டாச்சு அத்தை. எல்லாம் துரு. வெறும் பெயிண்ட் மட்டும்னா போட்டோல வித்தியாசமே தெரியாதுன்னு கேப்டன் சொன்னான். நானும் யோசிச்சேன், அந்தத் துருவையெல்லாம் ஆபீசர் பாத்தா என்ன நெனப்பாங்க?" அவள் என் விரலைப் பிடித்து ஒரு ஜாடியின் நெஞ்சில் வைத்தாள். காகிதம் ஒட்டியிருந்தது. "ஒவ்வொண்ணுலயும் நானே என் கையால பேரு எழுதி ஒட்டியிருக்கேன். எழுத்து எவ்ளோ அழகா வந்திருக்கு தெரியுமா?"

யாருக்குடி எழுதினாய் என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் குரல்! அவள் அம்மா செத்ததிலிருந்து அந்தப் பிள்ளையின் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. பக்கத்திலேயே கேமரா வேறு. இப்போது நான் கத்தினால் ஐந்து பேர் முன்னால் அவள் மானம் போகும், போட்டியும் போகும்.

"ஆன்ட்டி, ரெண்டு வார்த்தை சொல்லுங்க. வீடு எப்படி இருக்கு?" என்றான் கேப்டன்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு," என்றேன். எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள்.

கிளம்பும்போது கேப்டன் ஒன்று சொன்னான். "தரை தேய்ச்ச காஸ்டிக் சோடா காரத்தூள் மிச்சம் இருந்துச்சு ஆன்ட்டி. வேஸ்ட் ஆகக் கூடாதுன்னு அதையும் ஒரு ஜாடில போட்டு வெச்சிட்டோம். கையில படாம பாத்துக்கோங்க, புண்ணாக்கிடும்." நல்ல பிள்ளை. அக்கறையாகத்தான் சொன்னான்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுத் திட்டினேன். ஒரு பாட்டம் திட்டி முடித்ததும், சரி, ஆக வேண்டியதைப் பார் என்று வேலையில் இறங்கினேன். ஒவ்வொரு ஜாடியாகத் திறந்தேன், மோந்தேன், நாக்கில் வைத்தேன். ஒன்றில் மட்டும் ஈர விரல் பட்டதும் வழுக்கி, சுருக்கென்று எரிந்தது. காரத்தூள். அதைத் தூக்கி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளிவைத்தேன். மற்றவற்றை எனக்குத் தோதாக அடுக்கினேன். அதிகம் வேண்டியது டீத்தூளும் சர்க்கரையும்தான். டீத்தூள் இடது ஓரம், சர்க்கரை வலது ஓரம். நடுவில் எது எங்கே இருந்தாலும் ஓரம் இரண்டும் தப்பாது. பத்துத் தடவை கை நீட்டிப் பழகினேன். பத்துத் தடவையும் சரியாக வந்தது. மேஜையைச் சுற்றி நடந்தும் பழகினேன். டெலிபோனை மட்டும் எங்கே வைத்துத் தொலைத்தார்கள் என்று தெரியவில்லை. காலையில் குருவியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் குருவி சீக்கிரமே வந்துவிட்டாள். என்னைக் குளிக்கத் துரத்தினாள். "நல்லதா ஒண்ணு எடுத்துக் கட்டிக்கோங்க அத்தை, ஆபீசர் வர்றாங்க." குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே அவள் என்ன செய்தாள் என்று எனக்குக் கேட்கவில்லை. தலை துவட்டிக்கொண்டு வரும்போது கதவு தட்டப்பட்டது.

அதிகாரி ஒரு பெண். நடுத்தர வயதுக் குரல், புதுச் செருப்பு, நடக்கும்போது கீச்சிட்டது. பேனாவை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"வீடு ரொம்ப சுத்தமா இருக்கே."

"எங்க யுனிவர்சிட்டி டீம்தான் மேடம் செஞ்சோம்," என்றாள் குருவி பெருமையாக.

வாசல் பூட்டைப் பூட்டித் திறந்து காட்டினேன். குழாயைத் திறந்து மூடினேன், இரண்டு தடவை முறுக்கிக் காட்டினேன். மேஜையில் இடிக்காமல் நடந்தேன். அவர் பேனா அடங்கியே இருந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"அடுப்பு பத்தவெச்சு ஒரு டீ போடுங்கம்மா, பாக்கறேன்."

"ஒண்ணு என்ன, எல்லாருக்குமே போடறேன்."

"எனக்கு வேண்டாம்மா. போற வீட்டுல எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாதுன்னு எங்களுக்கு ரூல். இந்தப் பொண்ணுக்குப் போட்டுக் குடுங்க."

அடுப்பைப் பற்றவைத்தேன், தண்ணீர் வைத்தேன். இடது ஓரம் கை நீட்டினேன். மூடியைத் திறந்ததும் டீத்தூள் மணம். அப்பாடா! பாலும் ஊற்றி, கொதித்து வந்த சத்தம் கேட்டு இறக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் வடிகட்டினேன். வலது ஓரம் கை நீட்டினேன். கரண்டி உள்ளே போனபோது பரபரவென்று சர்க்கரை மாதிரியேதான் இருந்தது. குருவிக்குத் தித்திப்பு தூக்கலாக இருக்க வேண்டும். தாராளமாகப் போட்டேன். எனக்குப் பின்னால் குருவி மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. பிள்ளை எனக்காகப் படபடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்தாடி," என்று நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் மடக்கென்று குடித்த சத்தம், ஒரு பெரிய வாய்.

"எப்படி இருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

"நல்லா... இருக்கு," என்றாள்.

அழுகிறாள் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்தேன். எந்தக் குரலையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டவள், அந்த இரண்டு வார்த்தையைத் தப்பாகக் கேட்டேன்.

"எனக்குத் திருப்திம்மா. நீங்க இங்கயே இருக்கலாம்னு எழுதிடறேன். நான் வரேன்," என்றார் அதிகாரி. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. செருப்பு கீச்சுக் கீச்சென்று படியிறங்க ஆரம்பித்தது.

"கேட்டியாடி? கேட்டியா? உங்கப்பன் மூஞ்சிய இப்பப் பாக்கணும் நான்!" என்று திரும்பினேன். டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. தொட்டியில் அவள் குமட்டுகிற சத்தம். பேச முயன்றாள், பேச்சு வரவில்லை. கொரகொரவென்று காற்றுதான் வந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன். வாயெல்லாம் ஈரம், நுரை. தரையில் சிந்தியிருந்த டீயில் என் விரல் பட்டது. வழுக்கியது. சுருக்கென்றது.

ஐயோ, வலது ஓரம்!

குழாயைத் திறந்து அவள் முகத்தை அதன் கீழே பிடித்தேன். "கொப்புளிடி, துப்புடி!" கதவுப் பக்கம் பாய்ந்தேன், முக்காலியைத் தேடினேன், முக்காலியும் இல்லை, டெலிபோனும் இல்லை. குருவியின் பையில் அவள் போன் கிடைத்தது. வழுவழுவென்று ஒரு கண்ணாடித் துண்டு. எங்கே தொடுவது, எதை அமுக்குவது? ஆஸ்பத்திரியில் எத்தனை உயிருக்கு ஆம்புலன்ஸ் அனுப்பியிருப்பேன், என் பிள்ளைக்கு ஒரு நம்பர் போட வழியில்லை.

கதவைத் திறந்தேன். கீச்சுச் சத்தம் இன்னும் படிக்கட்டில்தான் இருந்தது, கீழே, தூரத்தில். அந்தச் செருப்பு வாசலைத் தாண்டிவிட்டால் வீடு எனக்கு. எனக்கு அது தெரியும். அது தெரிந்துதான், உடம்பில் உள்ள பலமெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"மேடம்! மேல வாங்க! நான் டீயில தரை தேய்க்கற காரத்தூளைப் போட்டுட்டேன்! புள்ளை குடிச்சிருச்சு! ஆம்புலன்சைக் கூப்பிடுங்க!"

அவர் ஓடித்தான் வந்தார். நல்லவர். போன் போட்டதும் அவர்தான், வண்டியில் கூடவே ஏறியதும் அவர்தான். ஆஸ்பத்திரி நடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பேனாவை அமுக்காமல் இருந்தார்.

"அம்மா, அந்த ஜாடில பெரிசா எழுதியிருந்துச்சும்மா. நான் குனிஞ்சு எழுதிட்டு இருந்ததுல பாக்கல. ஆனா இதை நான் எழுதாம இருக்க முடியாது."

"எழுதுங்க," என்றேன். "என்னைப் பத்தி யோசிக்காதீங்க."

டாக்டர் சொன்னதைத் தம்பிதான் அப்புறம் சொன்னான். உயிருக்குப் பயமில்லை. தொண்டை உள்ளே வெந்துவிட்டது. கொஞ்ச காலம் குழாய் வழியாகத்தான் சாப்பாடு, பேசவே கூடாது. தம்பி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். "உன் துணிமணியை எடுத்து வெச்சுட்டேன்க்கா," என்று மட்டும் சொன்னான்.

இப்போது விடுதியில் இருக்கிறேன். கட்டில், சின்ன அலமாரி, நாலடியில் சுவர். குளிக்க, சாப்பிட, தூங்க எல்லாவற்றுக்கும் மணி அடிப்பார்கள். நாலு பேர் இருக்கிற இடம்தான், நாலு பேரும் தூங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்தப் போட்டியில் நூறு கைக்குத்தான் முதல் பரிசாம். நான் "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொன்ன வீடியோவுக்கு அவ்வளவு ஓட்டாம். நடந்தது எதுவும் தெரியாமலேயே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். கேப்டன் பரிசைக் கொண்டுபோய்க் குருவியின் கட்டிலில் வைத்துவிட்டு அழுதானாம். அடுத்த போட்டிக்கு இந்த விடுதிக்கும் ஒரு குழு வரப்போவதாகப் பேச்சு. என் அலமாரியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வாரம் மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து நின்றார்கள்.

"அத்தை," என்றது ஒரு குரல். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு குரல். இங்கே வேலை செய்கிற பெண்கள் அம்மா, அத்தை, ஆன்ட்டி என்று வாய்க்கு வந்தபடி கூப்பிடுவார்கள்.

"யாரும்மா? பக்கத்துக் கட்டில்காரங்களைப் பாக்க வந்தியா? அவங்க குளிக்கப் போயிருக்காங்க. உக்காரு," என்றேன்.

அப்புறம் ஒரு கை என் கையைப் பிடித்தது. அந்தக் கையை நான் எழுத்துப் பழக்கியிருக்கிறேன், நகம் வெட்டிவிட்டிருக்கிறேன்.

"குருவி?"

"நான்தான் அத்தை." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "நீங்க குளிக்கும்போது நான்தான் ஜாடியை மாத்தி வெச்சேன். கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் வரிசையா இருந்தா, பாக்க அழகா இருக்கும்னு. தொட்டிக்கடியில ஒண்ணு தனியாக் கிடந்துச்சு. அதுதான் ரொம்ப வெள்ளை. அதைக் கடைசில வெச்சேன்."

அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க கரண்டியை விடும்போதே பாத்துட்டேன். வாயைத் திறந்தா வீடு போயிடும். ஒரு வாய்தானே, அவங்க போனதும் வாந்தி எடுத்துடலாம்னு நெனச்சேன்."

"அறிவு கெட்டவளே! வீடு போனா போகுதுன்னு கத்த வேண்டியதுதானேடி! எனக்கு எதுக்குடி அந்த வீடு!" என்று அவளை அடித்தேன். தோளில் நாலு அடி, நிஜமாகவே. அப்புறம் கட்டிக்கொண்டேன். அழுதேன், அவளும் அழுதாள். அவள் அழுகையும் எனக்குத் தெரியாத அழுகையாக இருந்தது.

"இந்தக் குரல் இப்படியேதான் இருக்குமாம் அத்தை," என்றாள்.

அவள் முகத்தைத் தடவி என் பக்கம் திருப்பினேன். "பேசுடி," என்றேன். "காலேஜ்ல நடந்ததைச் சொல்லு, பஸ்ஸுல யாரு சண்டை போட்டாங்கன்னு சொல்லு, என்னமாவது பேசிட்டே இரு. இந்தக் குரலை நான் பழகிக்கணும்ல?"